மெதுவா என்று தொடங்கும் பெயர்கள்

மே 25, திங்கள்

இந்த நோட்டு டயாலிசிஸ் சென்டரில் பிளெஸ்ஸி சிஸ்டர் கொடுத்தது. அண்ணன் தினமும் எவ்வளவு தண்ணீர் குடிக்கிறார், எடை எவ்வளவு ஏறுகிறது என்று எழுதி வைக்கச் சொன்னார். அண்ணன் எழுதமாட்டார். அண்ணிக்கு மில்லில் ஷிஃப்ட் முடிந்து வந்தால் பேனாவைத் தூக்கக்கூடத் தெம்பிருக்காது. கடைசியில் மாடிப் போர்ஷனில் தனிக்கட்டையாக இருக்கும் என் தலையில் வந்து விடிந்தது. நாளுக்கு ஒரு பக்கம் ஒதுக்கியிருக்கிறது. அண்ணனுக்குத் தேவை இரண்டு வரி. மீதி வீணாகிறதே என்று என் கதையையும் எழுதப்போகிறேன்.

நான் வேலை பார்ப்பது டயாலிசிஸ் மெஷின் செய்யும் கம்பெனியில். மெஷினுக்குள் ஓடும் சாஃப்ட்வேரைச் சோதிக்கும் குழுவுக்கு நான் தலைவி. குழு என்றால் நானும், மூன்று மாதம் முன்பு சேர்ந்த நஸ்ரினும். ஜனவரியிலிருந்து அண்ணன் வாரத்துக்கு மூன்று நாள் படுப்பதும் எங்கள் மெஷினில்தான். ஜன்னலோரம், மூன்றாம் நம்பர். ஜூன் 20 அன்று புது வெர்ஷன் அந்த மூன்றாம் நம்பரில்தான் முதன்முதலாக ஏறப்போகிறது. உடம்பு தாங்குவதைப் பார்த்துப் பார்த்து வேகத்தைத் தானே மாற்றிக்கொள்ளும். கால் இழுப்பு குறையும். மூன்றாவது மணி நேரத்தில் அண்ணனுக்குக் கால் இழுத்துக்கொள்வதைப் பார்த்தவர்களுக்குத்தான் அது எவ்வளவு பெரிய விஷயம் என்று புரியும்.

தண்ணீர் 950 மில்லி. அனுமதி ஒரு லிட்டர். ரசத்தைக் கணக்கில் சேர்க்கவில்லை என்று அண்ணி காட்டிக்கொடுத்துவிட்டார்.

மே 26, செவ்வாய்

உள்ளே போகும்போது எடை 67.4 கிலோ. வெளியே வரும்போது 65.1. கால் இழுப்பு இரண்டு தடவை.

ஆட்டோவில் திரும்பும்போது அண்ணன் பேச்சுக் கொடுத்தார். வலி இருக்கும் நாட்களில்தான் அதிகம் பேசுவார்.

"ஏங்கண்ணு, உங்காபீஸ்ல நாலாயிரம் டெஸ்ட்டுன்னியே. அத்தனையும் தெனமும் ஓட்டுவீங்களா?"

"இல்லீங்ணா. பேரை வெச்சுப் பொறுக்கி எடுத்து ஓட்டுவோம். பம்ப்னு எழுதி ஒரு நட்சத்திரப் புள்ளி வெச்சா, பம்ப்னு ஆரம்பிக்கறது மட்டும் ஓடும்."

"அந்த நட்சத்திரம் எதுக்கு?"

"அந்த எடத்துல எது வேணும்னாலும் இருக்கலாம்னு அர்த்தமுங்ணா."

"ரம்மில ஜோக்கர் மாதிரி."

"அதேதானுங்."

"அப்ப நல்ல தோதுதான். ஜோக்கர் கைல இருந்தா எத வேணா செட்டு சேத்தலாம், எத வேணா மறைக்கலாம்" என்று சிரித்தார். ஸ்கூல் வேன் ஓட்டுகிறவர். பிள்ளைகள் வெளியே வரும்வரை ஸ்டாண்டில் சீட்டாடிப் பழக்கம். எனக்குச் சிரிப்பு வரவில்லை. வெயில் அப்படி.

மே 27, புதன்

புது வெர்ஷனை வெளியிடுவதற்கான ரிலீஸ் கோப்பில் எந்தெந்த டெஸ்ட் ஓடியது என்று பட்டியல் வைக்க வேண்டுமாம். தாமு சார், எங்கள் மேனேஜர், என் மேஜையில் வேலையைப் போட்டுவிட்டுப் போனார். அலுத்துக்கொண்டுதான் உட்கார்ந்தேன். எழுந்தபோது மதியச் சாப்பாடு ஆறிப்போயிருந்தது.

எங்கள் கம்பெனியில் ஒரு வழக்கம் உண்டு. டெஸ்ட்டின் பெயர் தமிழில் இருக்க வேண்டும், ஆங்கில எழுத்தில் அடித்தாலும். ஊர் ஊராகப் போய் மெஷினைப் பழுதுபார்க்கும் சர்வீஸ் ஆட்கள் படித்ததும் புரிய வேண்டும் என்று கம்பெனியைத் தொடங்கியவர்கள் வைத்த விதி. என்ன நடந்தால், மெஷின் என்ன செய்ய வேண்டும், அவ்வளவுதான் பெயர். குழாய்_மடங்கினால்_பம்ப்_நிற்கணும். கரண்ட்_போனால்_பேட்டரி_ஏற்கணும்.

பட்டியலைப் பிரிக்க நட்சத்திரத்தை முன்னால் வைத்துப் பார்த்தேன். *நிற்கணும். அறுநூற்றுப் பன்னிரண்டு பெயர்கள் வந்தன. மெஷின் நின்றுவிட வேண்டிய சந்தர்ப்பங்கள் மட்டும் அறுநூற்றுப் பன்னிரண்டு! அடுத்து *கூடாது. ஆயிரத்து நூற்றேழு.

தண்ணீர்_சூடு_ஏறினால்_ரத்தத்துக்குப்_போகக்கூடாது.
அலாரத்தை_அணைத்தாலும்_கிளிப்_திறக்கக்கூடாது.
நர்ஸ்_ரெண்டு_பட்டனைச்_சேர்த்து_அழுத்தினால்_குழம்பக்கூடாது.
நோயாளி_தும்மினால்_பொய்_அலாரம்_வரக்கூடாது.

கடைசிப் பெயரில் அப்படியே நின்றுவிட்டேன். எட்டு வருஷமாக இந்தப் பெயர்கள் என் முன்னால் ஓடுகின்றன. பச்சையா சிவப்பா, தேறியதா இல்லையா என்று மட்டும்தான் பார்த்திருக்கிறேன். யாரோ ஒருவர் ஒரு நாள் உட்கார்ந்து, படுத்திருப்பவர் தும்மினால் என்ன ஆகும் என்று யோசித்திருக்கிறார். முன்பின் தெரியாத ஒரு மனிதரின் தும்மலுக்காக மெனக்கெட்டிருக்கிறார். அண்ணன் வாரத்துக்கு மூன்று நாள் தும்முகிறார், இருமுகிறார், கையை ஆட்டுகிறார், தூங்குகிறார். அத்தனைக்கும் யாரோ முன்கூட்டியே கவலைப்பட்டு முடித்திருக்கிறார்கள். உடம்பு சிலிர்த்துவிட்டது, பொய்யில்லை.

நட்சத்திரத்தை நடுவில், முன்னால், பின்னால் என்று மாற்றி மாற்றிப் போட்டேன். ஒவ்வொரு தடவையும் மெஷின் வேறொரு பக்கமாகத் திறந்து காட்டியது. *நோயாளி* தொண்ணூற்று மூன்று. *கரண்ட்* அறுபது. *குமிழி* போட்டுப் பார்க்கவில்லை. நேரமாகிவிட்டது.

மே 29, வெள்ளி

நஸ்ரின் பட்டியலைத் தூக்கிக்கொண்டு வந்தாள்.

"அக்கா, மொத்தம் 4,318. ஆனா தெனமும் ஓடறது 4,107தான். பாக்கி 211 எங்கக்கா போச்சு?"

சொன்னேன். சில டெஸ்ட்டுகள் அரை மணி, ஒரு மணி என்று இழுக்கும்; ஒன்றிரண்டு முழு டயாலிசிஸையும் நாலு மணி நேரம் நிஜமாகவே ஓட்டிப் பார்ப்பவை. அவற்றுக்கு நிஜ மெஷின் வேண்டும். மேஜை மெஷின் என்று ஒன்று அதற்காகவே இருக்கிறது. அவற்றின் பெயருக்கு முன்னால் மெதுவா_ என்று ஒட்டிவிடுவோம். தினசரி ஓட்டத்தின் கட்டளையில் கழித்தல் குறியோடு -மெதுவா_* என்று இருக்கும். மெதுவா என்று தொடங்குவதையெல்லாம் விட்டுவிடு என்று பொருள். அதனால் தினசரி ஓட்டம் ஐம்பது நிமிஷத்தில் முடியும். விட்டதை வெள்ளிக்கிழமை தனியாக ஓட்டுவோம்.

"இன்னிக்கு வெள்ளிக்கிழமைதானக்கா?"

போன வருஷம் ஏப்ரலில் மேஜை மெஷினை ஐதராபாத்தில் ஒரு கண்காட்சிக்குக் கொண்டுபோனார்கள். இரண்டு வாரத்தில் மெஷின் திரும்பிவிட்டது. ட்ரெயினிங் அறையில் உறை போட்டு நிற்கிறது. வெள்ளிக்கிழமை ஓட்டம் மட்டும் திரும்பவில்லை. யாரும் கேட்கவில்லை. திரைதான் தினமும் முழுப்பச்சையாக இருக்கிறதே.

"பதினாலு மாசமாவாக்கா?" என்றாள். அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று அனுப்பிவைத்தேன். நான் சேர்ந்தபோது மெதுவா மொத்தம் 38. அது எப்படி 211 ஆயிற்று என்று அவள் கேட்கவில்லை. நானாகவும் சொல்லவில்லை.

ஜூன் 2, செவ்வாய்

67.8. 65.3. கால் இழுப்பு ஒரு தடவை, ஆனால் பெரியது. நானும் பிளெஸ்ஸி சிஸ்டரும் ஆளுக்கொரு பக்கம் பாதத்தைப் பிடித்து அமுக்கினோம்.

"புதுசு எப்பக் கண்ணு வருது?" என்று பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டார்.

"இருவதாந்தேதிங்ணா."

"இன்னம் ஏழு தடவை தாங்கோணும்" என்று விரல் விட்டார்.

அவர் தூங்கிய பிறகு கணக்குப் போட்டேன். நிமிஷத்துக்கு முன்னூறு மில்லி, நாலு மணி நேரம். எழுபத்திரண்டு லிட்டர். உடம்பில் இருப்பதே ஐந்து லிட்டர்தான். அண்ணனின் மொத்த ரத்தமும் பதினாலு தடவை வெளியே வந்து, எங்கள் மெஷினைச் சுற்றிப் பார்த்துவிட்டுத் திரும்பப் போகிறது. அவர் வாயைத் திறந்து குறட்டை விடுகிறார். திரும்பிப் போகும் குழாயில் ஒரு சின்ன பிளாஸ்டிக் கிளிப் இருக்கிறது. காற்றுக் குமிழி வந்தால் மூடிக்கொள்ளும்; குமிழி உடம்புக்குள் போனால் உயிருக்கே ஆபத்து. அதையேதான் ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஜூன் 5, வெள்ளி

நஸ்ரின் சும்மா இருக்கமாட்டாள்.

"அக்கா, இந்த 211-ல முக்காவாசி மெதுவாவே இல்லக்கா. நாப்பது செகண்டுல முடியறதெல்லாம் இருக்கு. இதெல்லாம் எதுக்கு மெதுவான்னு ஆரம்பிக்குது?"

சில டெஸ்ட்டுகள் மினுக்கும். முப்பது தடவை பச்சை, ஒரு தடவை சிவப்பு. காரணம் தெரியாது. ரிலீஸ் நாளன்று சிவப்பு வந்தால் எல்லோரும் நம்மைத்தான் முறைப்பார்கள். நீக்கினால் கேள்வி வரும். ஆனால் பெயருக்கு முன்னால் மெதுவா_ ஒட்டினால் தினசரி ஓட்டத்தின் கண்ணில் படாது. வெள்ளிக்கிழமை எப்படியும் ஓடும் என்று மனசையும் தேற்றிக்கொள்ளலாம். ஒருவர் செய்தார், பிறகு எல்லோரும் செய்தார்கள். ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டதில்லை. 38 போக 173.

இதையெல்லாம் அவளிடம் சொன்னேன். "எல்லாரும்னா யாரெல்லாம்?" என்று கேட்டாள். பெயரை யார், எந்தத் தேதியில் மாற்றினார்கள் என்பது பதிவில் இருக்கும். டீ குடிக்கப் போகலாம் என்று எழுந்துவிட்டேன்.

தண்ணீர் 1,100. வெயிலின் குற்றம்.

ஜூன் 9, செவ்வாய்

67.5. 65.2.

பிளெஸ்ஸி சிஸ்டரைத் தனியாகக் கூப்பிட்டு, புது வெர்ஷன் ஏறிய பிறகு முதல் இரண்டு வாரம் அண்ணனை ஐந்தாம் நம்பரில் போட முடியுமா என்று கேட்டேன். ஐந்தில் பழையதே ஓடும்.

"உங்க அண்ணன்தானே புதுசு வேணும்னு தினமும் கேக்காரு?"

"இல்ல சிஸ்டர், கொஞ்சம் பழகட்டும்னு பாக்கறேன்."

அவர் என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டுச் சரி என்றார். கம்பெனிக்காரி சொன்னால் காரணம் இருக்கும் என்று நினைத்திருப்பார். காரணம் எழுத வேண்டியதில்லை.

ஜூன் 11, வியாழன்

67.2. 65.0. முதல் இரண்டு வாரம் ஐந்தாம் நம்பர்தான் என்று அண்ணனிடமும் சொல்லிவிட்டேன். முகம் வாடியது. பிறகு தலையாட்டினார்.

ஜூன் 13, சனி

67.6. 65.2. கால் இழுப்பு இரண்டு.

வரும் வழியில் அண்ணன் குஷியாக இருந்தார். இப்படிக் கால் இழுத்த நாளில் இந்தக் குஷி எங்கிருந்து வந்தது என்று பார்த்தேன். அவரே சொன்னார்.

"மூணாம் நம்பரு சும்மாதான கெடக்கும், ஹெலன் டீச்சருக்குக் குடுங்கன்னு சிஸ்டர்கிட்டச் சொல்லிட்டேன் கண்ணு. அவிங்களுக்கு என்னையவிட மோசமா இழுக்குது. கண்ணுல தண்ணி வந்துருது. நானுன்னா ஆம்பள, தாங்கிக்குவேன். புதுசுன்ன ஒடனே அவிங்க மூஞ்சியப் பாக்கோணுமே!"

ஹெலன் டீச்சர் என்பவர் பக்கத்து மெஷின்காரர். அறுபது வயது. ஓய்வு பெற்ற கணக்கு டீச்சர். போன மாதம் எனக்கு ஒரு டப்பா நிறைய முறுக்கு கொடுத்தார். அவர் அதைச் சாப்பிடக்கூடாது, யாராவது சாப்பிடுவதைப் பார்த்தால் போதுமாம்.



ஜூன் 14, ஞாயிறு

எழுதிவிடுகிறேன்.

டெஸ்ட்டின் பெயர் காற்று_குமிழி_வந்தால்_கிளிப்_மூடணும். நாற்பது செகண்டில் முடியும். போன வருஷம் ஆயுத பூஜைக்கு முதல் வாரம் அது மினுக்க ஆரம்பித்தது. முப்பதில் ஒரு தடவை சிவப்பு. இரண்டு நாள் தேடினேன், காரணம் பிடிபடவில்லை. பூஜைக்கு முன்னால் ரிலீஸ். செப்டம்பர் 26, மாலை நாலேகால் மணி, நான்தான் அதன் முன்னால் மெதுவா_ ஒட்டினேன். வெள்ளிக்கிழமை ஓட்டம் நின்றுபோயிருந்தது அப்போது எனக்குத் தெரியுமா? தெரியும். பூஜை முடிந்ததும் எடுத்துவிடலாம் என்று நினைத்தேன். பொரியும் பழமும் வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன்.

அப்போது அண்ணனுக்குக் கால் வீக்கம் மட்டும்தான். டயாலிசிஸ் என்ற சொல் வீட்டுக்குள் வரவில்லை. அது ஒரு சாக்கா? இல்லை. அப்போதும் எங்கள் மெஷின்களில் யாரோ ஒருவருடைய அண்ணன் படுத்துக்கொண்டுதான் இருந்தார். எனக்கு அவர் தெரியாது, அவ்வளவுதான்.

இப்போது என் அண்ணனை மட்டும் நகர்த்திவிட்டு டீச்சரை அங்கே படுக்க வைக்கப் பார்த்தேன். வெட்கமாக இருக்கிறது.

ஜூன் 15, திங்கள்

காலை ஒன்பதரைக்குத் தாமு சார் அறைக்குப் போய்க் கதவைச் சாத்தினேன். எல்லாவற்றையும் சொன்னேன். ஐந்தாம் நம்பர் விஷயத்தையும்.

அவர் முதலில் கோபப்பட்டார். "ஏம்மா, இருவதாந்தேதி ரிலீஸு. அஞ்சு நாளுக்கு முன்னால வந்து சொல்றியே, இத எட்டு மாசத்துக்கு முன்னால சொல்லறதுக்கென்ன?"

"சொல்லியிருக்கோணும் சார்."

"ஒரு டெஸ்ட்டுதான? அத மட்டும் பாத்துச் சரி பண்ணிட்டு..."

"நூத்தி எழுவத்து மூணு சார்."

திரையைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டார். *மெதுவா_* என்று தப்பாக அடித்து, முதல் நட்சத்திரத்தை அழித்து, மறுபடி அடித்தார். பட்டியல் வந்தது. பக்கத்தில் மாற்றியவர் பெயர், தேதி. மெள்ள மெள்ளக் கீழே இறக்கினார். ஓர் இடத்தில் கை நின்றது. மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"என்ற பேரு ஏழு தடவை இருக்குது" என்றார். "ரெண்டாயிரத்தி இருவத்தி ஒண்ணுல இருந்து."

கண்ணாடியை மறுபடி மாட்டிக்கொண்டு எழுந்தார்.

"மேஜை மெஷின் எங்க இருக்குது?"

"ட்ரெயினிங் ரூம்ல சார்."

"தள்ளிட்டு வரச் சொல்லு. சென்டருக்கு நானே பேசறேன். இருவதாந்தேதி கெடையாது."

ஜூன் 16, செவ்வாய்

67.3. 65.1. நான் போகவில்லை, அண்ணி போனார். மேஜை மெஷினில் காலை பத்துக்கு மெதுவா_* என்று மட்டும் அடித்தேன். 211. முடிய முப்பத்தொரு மணி நேரம் காட்டியது.

ஜூன் 17, புதன்

நேற்று மாலை மெஷினை ஓடவிட்டே வீட்டுக்குப் போனோம். காலையில் வந்தபோது சாயம் கலந்த சிவப்புத் தண்ணீர் குழாயில் அதே நிதானத்தில் சுற்றிக்கொண்டிருந்தது. யாரும் படுத்திராத கட்டிலுக்காக ஒரு மெஷின் ராத்திரி முழுக்க ஒழுங்காக வேலை செய்திருக்கிறது. நஸ்ரின் அதற்கு ஒரு வணக்கம் வைத்தாள். கேலியாகத்தான், ஆனால் கையை உடனே இறக்கவில்லை.

மாலை ஐந்துக்கு முடிந்தது. 202 பச்சை, 9 சிவப்பு. என்னுடையது ஒரே ஓட்டத்தில் பச்சை. நம்பவில்லை. அதை மட்டும் முழுப்பெயர் சொல்லி முன்னூறு தடவை ஓட்டினோம். பதினோரு தடவை சிவப்பு.

நஸ்ரின்தான் கண்டுபிடித்தாள். பம்ப் வேகம் மாறுகிற அதே கணத்தில் குமிழி வந்தால் கிளிப் முக்கால் செகண்டு தாமதமாக மூடுகிறது. பழைய வெர்ஷனில் நர்ஸ் கையால் மாற்றினால்தான் வேகம் மாறும். நாளுக்கு ஒன்றிரண்டு முறை. புது வெர்ஷன் தானே மாற்றும். நாலு மணி நேரத்தில் நூறு தடவைக்கு மேல்.

அவள் சொன்னதைத் தாமு சாருக்கு எழுதி அனுப்பிவிட்டு, டெஸ்ட்டைத் திறந்தேன்.

அந்த டெஸ்ட்டின் உள்ளே, எழுதியவர் வைத்த குறிப்பு ஒன்று இருந்தது. எட்டு வருஷத்தில் நான் அதைப் படித்ததில்லை; போன வருஷம் இரண்டு நாள் காரணம் தேடியபோதுகூடக் குறிப்பைத் தாண்டிக் கீழே போயிருக்கிறேன். "கட்டில் 4. காலை 11.20. குமிழி வந்தது, கிளிப் மூடியது, அவர் நன்றாக இருக்கிறார். இனி வரும் எல்லா மெஷினிலும் மூட வேண்டும்." பெயர் இல்லை. சர்வீஸ் பிரிவு என்று மட்டும் இருந்தது. அந்தக் காலை யாரோ ஒருவர் கட்டில் பக்கத்தில் நின்று அந்தச் சத்தத்தைக் கேட்டு, அந்த நன்றியை ஒரு டெஸ்ட்டாக எழுதிவைத்துப் போயிருக்கிறார். நான் அதன் முன்னால் ஒரு சொல்லை ஒட்டி அவர் வாயை மூடிவிட்டேன். இன்று அழுதேன். நஸ்ரின் பார்க்காத மாதிரி இருந்தாள்.

ஜூன் 20, சனி

67.9. 65.4. கால் இழுப்பு மூன்று. புது வெர்ஷன் வந்திருக்க வேண்டிய நாள்.

ஆட்டோவில் அண்ணனிடம் சொன்னேன். கடைசிவரை குறுக்கே பேசாமல் கேட்டார்.

"டீச்சர மூணுல போடச் சொன்னேன்னு நான் சொன்னப்ப, இது உனக்குத் தெரியுமா?"

"தெரியுமுங்ணா."

வீடு வரும்வரை சாலையையே பார்த்தார். படியேறும்போது எப்போதும் என் தோளைப் பிடித்துக்கொள்வார். இன்று சுவரைப் பிடித்துக்கொண்டு ஏறினார்.

ஜூன் 23, செவ்வாய்

67.1. 65.0. பேச்சில்லை.

ஜூன் 25, வியாழன்

67.4. 65.2. "டீத்தண்ணி எவ்வளவு எழுதுன?" என்றார். எழுபது மில்லி என்றேன். "நூறு குடிச்சேன். சரியா எழுது" என்றார். ஐந்து நாளில் முதல் பேச்சு.

ஜூன் 28, ஞாயிறு

ஆபீஸுக்குப் போனேன். ஒன்பது சிவப்பும், கிளிப்பின் தாமதமும் சரியாகிவிட்டன. வெள்ளிக்கிழமை நானும் நஸ்ரினும் தாமு சாரும் உட்கார்ந்து 173 பெயர்களிலிருந்தும் மெதுவாவை எடுத்தோம். மொத்தமாக எடுக்க ஒரே கட்டளை போதும். தாமு சார் வேண்டாம் என்றார். ஒவ்வொன்றாகப் படித்து எடுத்தோம். தன்னுடைய ஏழையும் அவரே எடுத்தார்.

நஸ்ரின் புதிதாக ஒரு டெஸ்ட் எழுதியிருக்கிறாள். மெதுவா_என்று_சொல்லி_வேகமானது_ஒளியக்கூடாது. ஒரு நிமிஷத்துக்குள் முடியும் எதுவும் அந்தப் பெயரில் இருந்தால் சிவப்பு காட்டும். நல்ல வம்புக்காரி. அதோடு மொத்தம் 4,319.

இன்று காலை ஏழுக்கு, எட்டு வருஷத்தில் முதல் தடவையாக, வேறு எழுத்து எதுவும் இல்லாமல், கழித்தல் இல்லாமல், ஒரே ஒரு நட்சத்திரம் அடித்தேன்.

*

எல்லாம் என்று அர்த்தம்.

பெயர்கள் மேலேறத் தொடங்கின. கதவு திறந்தால். குழாய் மடங்கினால். கரண்ட் போனால். கரண்ட் போய் வந்து மறுபடி போனால். நர்ஸ் மறந்தால். நர்ஸ் இரண்டு முறை செய்தால். தும்மினால், தூங்கினால், கையைத் தூக்கினால். தண்ணீர் சூடானால், தண்ணீர் நின்றால். ஒவ்வொன்றின் முடிவிலும் ஒரு கட்டளை: நிற்கணும், மூடணும், கத்தணும், கூடாது, கூடாது, கூடாது. இவற்றை எழுதியவர்களில் பாதிப் பேர் இன்று கம்பெனியில் இல்லை. சிலர் உலகத்திலேயே இல்லை. எத்தனை பேர் எத்தனை நாள் இப்படிக் கவலைப்பட்டிருக்கிறார்கள்! நான் இதுவரை இந்த நட்சத்திரத்தை எதையெல்லாம் ஓட்டாமல் தப்பிக்கலாம் என்று பார்க்கத்தான் பிடித்திருந்தேன். கொண்டுவந்த இட்லியைத் தொடவில்லை. கையைக் கட்டிக்கொண்டு, எழுந்து நின்றுதான் பார்த்தேன். உட்காரத் தோன்றவில்லை.

நாலு மணி நேர டெஸ்ட்டுகள் கடைசியில்தான் வரும். வேகமானவற்றையும் இந்தத் தடவை மேஜை மெஷினிலேயே ஓட்டுவதால், எல்லாம் முடியச் செவ்வாய் ஆகிவிடும். மாலை ஐந்துக்கு வீட்டுக்குக் கிளம்பினேன்.

ஜூன் 30, செவ்வாய்

67.0. 65.0. இரண்டே கால் மணிக்கு நஸ்ரின் ஃபோன் செய்தாள். "4,319 பச்சைக்கா. விடாம, எல்லாமே."

ஜூலை 4, சனி

67.3. 65.1. ஐந்தாம் நம்பரில்தான். ஜன்னலோரம் மூன்றாம் நம்பரில் எங்கள் ஆட்கள் புது வெர்ஷனை ஏற்றிக்கொண்டிருந்தார்கள். அண்ணன் தலையைத் தூக்கிப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"டீச்சருக்கா?" என்று பிளெஸ்ஸி சிஸ்டர் கேட்டார்.

"இல்லீங் சிஸ்டர். மொதல்ல நான்தான் படுப்பேன். ஒரு வாரம் பாத்துட்டு டீச்சருக்குக் குடுங்க." என் பக்கம் திரும்பாமலே சொன்னார்.

ஜூலை 7, செவ்வாய்

லீவு போட்டுவிட்டு நானும் போனேன். அண்ணன் மூன்றாம் நம்பரில் படுத்தார். ஜன்னல் திரையை விலக்கச் சொன்னார்.

முதல் மணி நேரம் ஒன்றுமில்லை. இரண்டாவது மணி நேரம் தூங்கினார். மூன்றாவது மணி நேரம் வந்ததும் என் கை தானாக அவர் பாதத்துக்குப் போனது. பாதம் தளர்ந்தே இருந்தது. மெஷின் தனக்குள் என்னவோ யோசித்து வேகத்தைக் குறைத்தது, கூட்டியது. எண்கள் மாறுவது தெரிந்தது. கால் இழுக்கவில்லை.

மூன்றே கால் மணி நேரம் ஆனபோது பிளெஸ்ஸி சிஸ்டர் சலைன் பாட்டில் மாற்றினார். கொஞ்சம் காற்று உள்ளே போய்விட்டது. எப்போதாவது நடப்பதுதான். நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். ஒரு மிளகு அளவு வெளிச்சம் குழாயில் இறங்கி அண்ணனின் கையை நோக்கி வந்தது. அதே நேரம் திரையில் வேகத்தின் எண் மாறியது.

டக்.

கிளிப் மூடியது. பம்ப் நின்றது. அலாரம் கத்தியது. பிளெஸ்ஸி சிஸ்டர் வந்து குழாயைச் சுண்டினார், காற்றை எடுத்தார், பட்டனைத் தட்டினார். அவருக்கு அது ஒரு சாதாரண வேலை. இருபது செகண்டில் முடிந்தது. ரத்தம் மறுபடி ஓட ஆரம்பித்தது. நான் எழுந்து நின்றிருந்தேன் என்பதே அப்போதுதான் எனக்குத் தெரிந்தது.

அண்ணன் கண்ணைத் திறந்தார். "என்ன புள்ள சத்தம்?"

"காத்து வந்துச்சுங்ணா. கிளிப் மூடிருச்சு."

"நீ ஒளிச்சு வெச்சியே, அதா?"

"அதேதானுங்ணா."

கிளிப்பைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு ஊசி குத்தாத கையை நீட்டினார். பிடித்துக்கொண்டேன்.

"நெலையா நில்லு, ஏன் ஆடறே. உக்காரு" என்று சொல்லிவிட்டுத் திரும்பத் தூங்கிப்போனார்.

உள்ளே 67.2. வெளியே 65.0. கால் இழுப்பு இல்லை.

தண்ணீர் 900 மில்லி. ரசம் சேர்த்து.